ஜனகனின் முதுகு

என் தம்பி ஜனகனைப் பற்றிச் சொல்வதென்றால் அவனுடைய கால்களில் இருந்துதான் தொடங்க வேண்டும். முதுகின் கதை பிறகு வரும். விசுவமடுவுக்கு உள்ளே, வாய்க்கால் கட்டு வழியே போனால் வருகிற எங்கள் குடியேற்றத்தில் அவனைப் போல ஓடக்கூடியவன் ஒருவனும் இல்லை. அக்கா என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவனைப் புகழ்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. சின்ன வயதில் அவன் ஓடப் பழகியதே என் கையில் அடி வாங்காமல் தப்பத்தான்.

எங்கள் அப்பா தங்கராசா. அவருடைய தாய் தகப்பன் மலையகத்துத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். ஊரில் வயல் வைத்திருக்கிறவர்களோ யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்துக் காணிக்கு வந்தவர்கள். எங்களிடம் வீடு இருக்கிற துண்டு மட்டும்தான். அப்பா அவர்களுடைய வயலில் கூலிக்கு நின்றார். எல்லாரும் ஒரே சனம் என்று மேடையில் பேசுவார்கள். கலியாணம் பேசும்போதும் கிணற்றடியில் சண்டை வரும்போதும் மட்டும் யார் எந்தச் சனம் என்று ஞாபகம் வந்துவிடும்.

ஜனகனுக்குப் படையில் அதிகாரியாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு விறகுக் கட்டில் இருந்து வந்தது. அப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு. காட்டு விறகு கட்டிய சைக்கிளை அப்பா உருட்டிக்கொண்டு வர, இவன் பின்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். சந்தியில் நின்ற ஆமிக்காரப் பெடியன், மீசை கூட ஒழுங்காக முளைக்காதவன், மறித்து விறகு முழுவதையும் அவிழ்க்கச் சொன்னான். அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேச்சுக்கும் "சேர், சேர்" என்றாராம். விறகுக்குள் ஒன்றும் இல்லை. திரும்பக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குச் சாப்பிடும்போது ஜனகன் சொன்னான், தானும் ஒரு நாள் சேர் ஆகப்போவதாக. நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தெற்கில் படை அதிகாரிகளைப் படிப்பிக்கிற கல்லூரி ஒன்று இருக்கிறது. பட்டமும் கிடைக்கும், தோளில் நட்சத்திரமும் கிடைக்கும், படிக்கிற காலத்திலேயே சம்பளமும் கிடைக்கும். உயர்தரப் பரீட்சை றிசல்ட் வந்த பிறகு அதற்கு நாடு முழுவதும் இருந்து பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். அதற்கு முன்பே, ஓட்டத்திலும் மாணவர் படையிலும் பெயர் எடுத்த கொஞ்சப் பேரைக் கூப்பிட்டுப் பார்த்து இடம் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஜனகன் கண் வைத்தது அந்த முன்தெரிவில்தான். றிசல்ட்டை நம்பினால் கொழும்புப் பிள்ளைகளோடு முட்ட வேண்டும், கால்களை நம்பினால் யாரோடும் முட்டலாம் என்று சொன்னான். அவன் கணக்குப் பிழையில்லை.

அவனுக்குப் போட்டி என்று ஊரில் இருந்தது விதுசன் மட்டும்தான். அப்பா கூலிக்கு நின்ற வயலின் சொந்தக்காரர் கதிர்காமநாதனின் ஒரே மகன். நல்ல பெடியன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு பேரும் விடிய வெள்ளாப்பில் வாய்க்கால் கட்டில் ஒன்றாக ஓடுவார்கள். விதுசனுக்குத் தகப்பன் வாங்கிக் கொடுத்த சப்பாத்து. ஜனகனுக்கு யூரியாப் பையில் மணல் நிரப்பி அப்பா வார் தைத்துக் கொடுத்த ஒரு மூட்டை. படையில் முதுகில் பை சுமந்துதான் ஓட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூட்டை சுமந்து ஓடியும் ஜனகன்தான் முன்னால் வருவான். நான் கிளிநொச்சிக்குத் தையல் தொழிற்சாலைக்குப் போகிற பஸ்ஸுக்காகக் கட்டடியில் நிற்கும்போது அவன் என்னைக் கடந்து போவான். ஒரு நாளாவது நின்று கதைத்ததில்லை, திமிர் பிடித்தவன். தம்புள்ளையில் இருந்து மரக்கறி ஏற்ற வருகிற லொறிக்காரர்களோடு கதைத்துக் கதைத்துச் சிங்களமும் பிடித்துவிட்டான்.

ஊர் சும்மா இருக்குமா? யோகநாதன் கடைவாசலில் இருந்தவர்களுக்கு ஒரு மாதத்துக்கு வேறு கதை தேவைப்படவில்லை. எங்கள் அம்மா சிவலட்சுமியின் தம்பி இயக்கத்தில் இருந்து செத்தவர். மாமன் அந்தப் பக்கம், மருமகன் இந்தப் பக்கம் என்று நக்கலடித்தார்கள். தோட்டக்காட்டாருக்கு எந்தக் கொடி என்றாலும் ஒன்றுதான் என்று கதிர்காமநாதன் சொன்னதும் அந்தக் கடைவாசலில்தான். தன் மகனும் அதற்கே விண்ணப்பித்திருப்பதை அவர் அப்போது யாருக்கும் சொல்லவில்லை.

அம்மா தடுத்தார் என்று யாராவது நினைத்தால் அது பிழை. விண்ணப்பித்த பிள்ளைகளின் வீடுகளை விசாரிக்கப் பொலிஸ் வரும் என்று தெரிந்ததும், நாங்கள் ஒருவரும் வாய் திறக்க முதலே, மாமாவின் படத்தைச் சுவரில் இருந்து அவரே கழற்றினார். அதைத் தன் சேலைக்குள் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். படம் இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது. அதில் ஒரு கலண்டரைக் கொழுவிவிட்டுக் குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தார். ஆறு பேருக்குச் சமைக்கிற அளவு வெங்காயம். வீட்டில் நாங்கள் நாலு பேர்தான்.

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கூப்பிட்டார்கள். ஓட்டம், பாய்ச்சல், கயிறு ஏறல், பிறகு நேர்முகம். ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவன் கோட்டைத் தொடும்போது ஜனகன் தண்ணீர் குடித்து முடித்துவிட்டானாம். இதை எனக்குச் சொன்னது விதுசன். அவன் எத்தனையாவதாக வந்தான் என்று கேட்டேன், சிரித்து மழுப்பினான். நேர்முகத்தில் ஏன் படைக்கு வர விரும்புகிறாய் என்று சிங்களத்தில் கேட்டபோது, தன் அப்பாவைப் போன்ற ஒருவரைச் சந்தியில் மறிக்கும்போது எப்படிக் கதைக்க வேண்டும் என்று பெடியங்களுக்குச் சொல்லிக் கொடுக்க விரும்புகிறேன் என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்களாம். இரண்டு பேரும் தேறிவிட்டார்கள். மிஞ்சியது வைத்தியப் பரிசோதனை ஒன்றுதான், சித்திரை வருசத்துக்குப் பிறகு, ஆனி மாதத்தில்.

இடையில் பங்குனி வந்தது.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பங்குனித் திங்கட்கிழமைகள்தான் பெரிய விசேஷம். முதல் திங்கள் வடிவம்மாவுக்கு அம்மன் கலை வந்தது. அவா எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற மனிசி. மற்ற நாட்களில் கோழிக்குச் சண்டை பிடிக்கிறவா. கலை வந்தால் மட்டும் ஊரே கையெடுக்கும். நேராக வந்து அம்மாவின் தலைமயிரைப் பிடித்து, வாக்குக் குடுத்தனியே, மறந்துபோனியோ என்று கேட்டா. அம்மா அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார்.

அந்த வாக்கு எனக்கும் தெரியும். சண்டையின் கடைசியில் கடலேரியைக் கடந்து வந்தபோது தண்ணீர் அம்மாவின் நெஞ்சுவரை. மூன்று வயது ஜனகன் அவர் தோளில். ஒரு இடத்தில் அம்மா சறுக்கி, தம்பி தண்ணீருக்குள் போய்விட்டான். அம்மா தடவித் தடவி எடுத்தபோது மூச்சு இல்லை. அவனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தந்தால் மீசை முளைக்கிற வயதில் செடில் குத்திக் காவடி எடுக்க வைக்கிறேன் என்று அம்மனைப் பார்த்துக் கத்தினார். தம்பி வாந்தி எடுத்து அழுதான். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். செடில் என்றால் முதுகுத் தோலில் கொளுக்கி குத்தி, கயிறு கட்டி, பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க முன்னால் காவடியோடு ஆடுவது.

வைத்தியப் பரிசோதனை முடியட்டும், அடுத்த வருடம் லீவில் வரும்போது எடுக்கலாம் என்று நான் சொன்னேன். ஒரு தடவை அல்ல. அந்தக் கிழமை முழுவதும் பஸ்ஸால் இறங்கி வந்து இதையேதான் சொன்னேன். அம்மா கடைசியில் அடுப்பைவிட்டு எழும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"அங்க போனாப் பிறகு அவன்ர உடம்பு அரசாங்கத்தின்ர, சுமித்திரா. இப்பவெண்டாத்தான் என்ர."

அப்பா மெல்லமாக, செடிலுக்குப் பதிலாக அன்னதானம் கொடுக்கலாமா என்று ஐயரைக் கேட்போம் என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்பா முற்றத்துக்கு இறங்கிவிட்டார். அன்னதானம் போட நாங்கள் என்ன கதிர்காமநாதனோ என்று அம்மா கேட்டார். அதுவும் சரிதான். தன் மகன் எடுபட வேண்டுமென்று கதிர்காமநாதனும் நேர்த்தி வைத்திருந்தார், ஊருக்கே சோறு போடுவதாக. வயல் இருக்கிறவன் அரிசியால் நேர்த்தி தீர்ப்பான். இல்லாதவனுக்கு இருப்பது தோல்தான். இதை எந்த அம்மன் விதித்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் கேட்பேன்.

ஜனகன் ஒரு சொல் மறுத்திருந்தால் அம்மா விட்டிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவன் மறுக்கவில்லை.

"நான் ஓடுறது காலாலதானே அக்கா, முதுகாலயே?" என்றான்.

கடைசித் திங்கள் காவடி. வெயில் மண்ணைச் சுட்டது. முதுகில் இரண்டு பக்கமும் வரிசையாகக் கொளுக்கி. இரத்தம் வரவில்லை, அம்மன் சக்தி என்று சனம் கும்பிட்டது. எனக்கு அவனுடைய பல் கடிபடுகிற சத்தம் கேட்டது. அவன் நன்றாக ஆடினான். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. கோயில் வாசலில் பக்கத்து ஆமி முகாம்காரர்கள் ஒவ்வொரு வருடமும் போல தாகசாந்திப் பந்தல் போட்டிருந்தார்கள். சீருடையோடு ஒருவர் ஜனகனின் ஏந்திய கைக்குள் தண்ணீர் வார்த்தார். கயிறு பின்னால் இழுத்ததால் அவனால் குனிய முடியவில்லை. தண்ணீர் பாதி மண்ணில் போனது. ஒரு இளம் அதிகாரி பின்பக்கமாக வந்து நின்று கமராவால் படம் எடுத்தார். மடைப்பள்ளிக்கு அருகில் விதுசன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தகப்பனின் சோற்றை ஊருக்குப் பரிமாறினான். நாங்களும் வாங்கிச் சாப்பிட்டோம்.

கொளுக்கியைக் கழற்றியதும் துளைகளில் திருநீற்றை அப்பி அமத்துவார்கள். அதுதான் வழக்கம். அதற்கு மேல் மருந்து போட்டால் அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடும். நான் கிளிநொச்சி ரவுண் மருந்துக் கடையில் வாங்கி வந்த களிம்பை அம்மா எடுத்துக் கூரைக்குள் செருகிவிட்டார். மூன்று நாட்களில் இடது தோளுக்குக் கீழே இரண்டு துளைகள் சீழ் பிடித்தன. அம்மா இன்னும் திருநீறு போட்டார். காய்ச்சல் வந்த பிறகு நான் யாரையும் கேட்காமல் அவனைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். புண்ணைத் துடைத்த நேர்ஸ் எனக்கு ஏசினா. படித்த பிள்ளை மாதிரி இருக்கிறாய், வீட்டில் சொல்ல மாட்டாயா என்று கேட்டா. சொன்னேன் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஏச்சை வாங்கினேன்.

புண் ஆறியது. ஆறிய இடத்தில் தோல் தடித்து எழும்பத் தொடங்கியது. ஒவ்வொரு துளையும் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. இடது பக்கம் இரண்டும் சேர்ந்து ஒரு விரல் நீளம். சிவந்து மினுங்கியது, தொட்டால் நொந்தது. மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய முதல் நாளே வார் உரசி அது வெடித்தது. அதன் பிறகு மூட்டை இல்லாமல் ஓடினான். அம்மா தேங்காய் எண்ணெய் தடவினார்.

பரிசோதனைக்குப் போன கதையை அவன் எனக்கு ஒரு தடவைதான் சொன்னான். கண், காது, பல், நெஞ்சு எல்லாம் சரி. சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொன்னார்கள். இது எங்கே வாங்கிய காயம் என்று ஒருவர் கேட்டார். வன்னிப் பிள்ளையின் முதுகில் வரிசையாகத் தழும்பு இருந்தால், சண்டைக் காயம் என்றல்லாமல் அவர்களுக்கு வேறு என்ன நினைக்கத் தோன்றும். இவன் காவடி என்றான். வயதான வைத்தியர் ஒருவர் எழுந்து வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. தானும் கதிர்காமத்தில் பார்த்திருப்பதாகவும், தன் மனைவியின் தம்பியும் குத்தியவர் என்றும் சொன்னாராம். பிறகு, இது தழும்பு தடிக்கிற தோல், பை சுமக்கிற இடத்தில் எழும்பியிருக்கிறது, வெட்டி எடுத்தால் இன்னும் பெரிதாக வரும், அடுத்த வருடம் வந்தாலும் இதே பதில்தான் என்று விளக்கினார். ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன் நீதானே என்றும் கேட்டார். இவன் ஓம் என்றான். சட்டையை எடுத்து அவரே கையில் கொடுத்தாராம்.

விதுசன் தேறினான். செய்தி சொல்ல எங்கள் படலைவரை வந்தவன் உள்ளே வராமல் நின்றான். ஜனகன் போய் அவன் தோளில் தட்டி, என்னுடைய இடத்துக்கும் சேர்த்து ஓடு என்றான். பெரிய மனிதத்தனம். அன்று பின்னேரம் வாய்க்காலில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நெடுநேரம் நின்றான். நான் வாய்க்கால் கட்டின் மேல் இருந்தேன். கூப்பிடவில்லை.

கதிர்காமநாதன் வீட்டு வாசலில் வாழை கட்டினார்கள். யோகநாதன் கடைவாசலில் இருந்த அதே வாய்கள் அவர் கொடுத்த லட்டைச் சாப்பிட்டுவிட்டு, எங்கட ஊர்ப் பிள்ளை அதிகாரியாகப் போகுது என்றன. ஒரு கொடியைப் பற்றியும் ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு வேறு கதை. பிள்ளை ஆமிக்குப் போகாமல் அம்மன் மறித்துவிட்டா என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். வடிவம்மாவும் வந்து சொன்னா. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வேறு எதைப் பிடிப்பது. மாமாவின் படம் திரும்பச் சுவருக்கு வந்தது. நான் அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்க ஆவணி ஆனது.

றிசல்ட் வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாது. ஓடிய நேரத்தில் படித்திருக்கலாம் என்று எல்லாருக்கும் அப்போதுதான் தோன்றியது. ஜனகன் இப்போது மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறான். கச்சான் கடலை மூட்டை, பூசணி மூட்டை. தோளில் சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் தூக்குவான். அந்த வேலைக்கு முதுகைத் திருப்பிப் பார்க்க ஒரு வைத்தியரும் வருவதில்லை. இரத்தம் கசிந்த சட்டையை அம்மா தோய்ப்பார், சவர்க்காரம் போட்டுக் கும்மிக் கும்மி.

இந்த வருடப் பங்குனி முதல் திங்கள். அம்மா பழத்தட்டோடு முன்னால் போக நானும் ஜனகனும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனோம். கோயில் திருப்பத்தில், தாகசாந்திப் பந்தலுக்கு மேலே, முகாம்காரர்கள் ஒரு பெரிய பனர் கட்டியிருந்தார்கள். மூன்று மொழியிலும் ஒரே நாடு, ஒரே மக்கள் என்று எழுதியிருந்தது. எழுத்துக்கு மேலே முழு அகலத்துக்கும் ஒரு படம். ஒரு பெடியனின் முதுகு. இறுகிய கயிறுகள், இழுபட்ட தோல், வரிசையாகக் கொளுக்கி. அவனுக்கு எதிரே சீருடைக்காரர் ஒருவர் சிரித்த முகத்தோடு கைக்குள் தண்ணீர் வார்க்கிறார். அவருடைய முகம் வடிவாகத் தெரிந்தது. பெடியனின் முகம் படத்தில் இல்லை.

அம்மாவுக்கு முகம் தேவைப்படவில்லை. கிட்டப் போய் நின்றார். அவருடைய கண் கலங்கியது பெருமையால்தான், எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற மனிசியிடம் இது என்ர பிள்ளை என்றார். சேலைத் தலைப்பால் பனரின் கீழ் விளிம்பில் படிந்த புழுதியைத் துடைக்கக் கையை நீட்டினார்.

ஜனகன் சைக்கிளைப் பிடித்தபடி படத்தை அண்ணாந்து பார்த்தான். இவ்வளவு காலமும் அவன் அம்மாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

"பாருங்கோ அம்மா, முதுகு பாஸாகியிட்டுது."

அம்மாவின் கை பனரைத் தொடாமல் அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. பழத்தட்டை என்னிடம் தந்துவிட்டு, கோயில் பக்கம் திரும்பிப் பார்க்காமல், வந்த வழியே வீட்டுக்கு நடந்தார்.